அறுபதை நெருங்கும் நாயகியை வைத்து மிகுபுனைவு எழுதுவது எப்படி?

மதகுக்கல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலை எழுதி வருகிறேன். அதன் நாயகிக்கு வயது 58. பெரிய ஏரி ஒன்றின் மடையைத் திறந்து மூடும் பொறுப்பு வழிவழியாக வந்த குடும்பத்தில் பிறந்தவள். ஏரிக்குள் நிற்கும் குமிழித் தூம்பின் (நீரை வெளியே விடும் கல் மதகின்) அடைப்பை நீரில் மூழ்கித் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருக்கிறாள். ஏரியின் அடியில் பல தலைமுறைகளாக உறங்கிக் கிடந்த ஒன்று விழித்துக்கொள்வதும், அதனோடு பேச வேண்டிய கடமை அவள் தலையில் விழுவதும்தான் கதை.

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்துக் காட்டினேன். பலரும் பாராட்டினார்கள். ஒரு பெண்மணி மட்டும், கூட்டம் முடிந்து அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அருகில் வந்து, “இவளுக்கு இருபது வயது என்று வைத்தாலும் இந்தக் கதை அப்படியே ஓடுமே, பிறகு எதற்காக 58?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து கையெழுத்துப் பிரதியைப் பென்சிலும் கையுமாகப் படித்தபோது அவர் கேட்டது முழுக்க நியாயம் என்று புரிந்தது. நரைத்த தலை என்று மூன்று இடங்களிலும், மூச்சு வாங்கியது என்று இரண்டு இடங்களிலும் எழுதியிருக்கிறேன்; மற்ற இடங்களில் எல்லாம் அவள் இருபது வயதுப் பெண்ணைப் போலவே நினைக்கிறாள், ஓடுகிறாள், கோபப்படுகிறாள். வயது அவள் மேல் சுண்ணாம்பு போலப் பூசப்பட்டிருந்ததே தவிர, சுவராக நிற்கவில்லை. நானே 56 வயதைக் கடந்தவள் என்பதால் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே என் கேள்வி இதுதான். இன்றைய மிகுபுனைவில், நடுவயதைத் தாண்டிய ஒருவர் கதையின் மையத்தில் நிற்கும் படைப்புகளில், அந்த வயதை எடுத்துவிட்டால் கதையே நிற்காது என்று சொல்லத்தக்கவை எவை? வழிகாட்டும் முதிய மந்திரவாதிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கதையைத் தன் தோளில் சுமக்கும் முதியவர்களைப் பற்றிக் கேட்கிறேன். அந்த எழுத்தாளர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் விளக்கினால் பெரிதும் உதவும்.

படித்துறை

அம்மா, உங்கள் வாசகர் வட்டத் தோழி கேட்டது மிகச் சரியான கேள்வி. எனக்குத் தோன்றும் பதிலைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல ஆண்டுகளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

இளம் நாயகனை வைத்து எழுதுபவர் வழக்கமாக முதலில் செய்யும் காரியம் அவனுடைய பெற்றோரை அப்புறப்படுத்துவது. ஊர் எரிக்கப்படும், அல்லது அவன் அநாதையாகவே பிறந்திருப்பான். அவனைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை என்றால்தான் அவன் இரண்டாம் அத்தியாயத்தில் சாலையில் நடக்க முடியும். வயதானவருக்கு அந்த வசதி கிடையாது. அவரைச் சுற்றி மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள், கறக்க வேண்டிய மாடு, கட்ட வேண்டிய கடன் எல்லாம் இருக்கின்றன. அவர் எங்கே போகிறார், எப்போது வருவார், இந்த வயதில் எதற்காகப் போகிறார் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. ஆகவே வயதான நாயகரின் முதல் போர் அரக்கனோடு அல்ல, வாசற்படியோடு. படிதாண்டுதல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லோயிஸ் மெக்மாஸ்டர் பூஜோல்ட் எழுதி 2003-ல் வெளிவந்த ‘பாலடின் ஆஃப் சோல்ஸ்’ நாவலை முதலில் படியுங்கள். ஹியூகோ, நெபுலா, லோகஸ் என்ற மூன்று விருதுகளையும் பெற்ற நூல் அது. அதன் நாயகி இஸ்டாவுக்கு வயது 40. நம் கணக்கில் அது முதுமை இல்லைதான். ஆனால் அவள் வாழும் உலகில், மன்னனின் விதவையாக, நாட்டை ஆளும் அரசியின் தாயாக, அவளுடைய வாழ்க்கை முடிந்துவிட்டதாகவே எல்லோரும் கருதுகிறார்கள். பல ஆண்டுகள் அவளைப் பித்துப்பிடித்தவள் என்று நினைத்துக் குடும்பத்தாரே கோட்டைக்குள் வைத்துக் காத்தார்கள். அவளைப் பிடித்திருந்த சாபம் நீங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. சுற்றியிருப்பவர்களின் பார்வை மட்டும் நீங்கவில்லை. தாயின் இறுதிச் சடங்குகள் முடிந்து, வந்த விருந்தினர் எல்லாம் கோட்டை வாயிலைக் கடந்து திரும்பிப் போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இஸ்டா, துணைக்கு ஒருவரும் இல்லாமல், துக்க உடையோடு, கால்நடையாகவே அந்த வாயிலைத் தாண்டி நடந்து போய்விடுகிறாள். தேடி வந்து அழைத்துப் போகிறார்கள். பிறகுதான் யாத்திரை என்ற ஒரு சாக்கை அவள் கண்டுபிடிக்கிறாள். கடவுள்களும் பேய்களும் போர்களும் எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. தன் வாழ்நாளில் வீட்டு ஆண்கள் துணை இல்லாமல் அவர் வெளியூர் சென்றது ஒரே ஒரு முறை, காசிக்கு, தெருப் பெண்களோடு. கோயிலுக்கு என்றால் மறுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்த பிறகு கங்கையைப் பற்றி அவர் பேசியதைவிட, ரயிலில் ஜன்னல் ஓரத்தில் தானே தேர்ந்தெடுத்து உட்கார்ந்ததைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

இஸ்டாவிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். இளமையில் அவள் தெய்வத்தின் கட்டளையை நிறைவேற்ற முயன்று, அந்த முயற்சியில் ஒரு மனிதன் நீரில் மூழ்கி இறப்பதற்குக் காரணமாக இருந்தவள். இந்த நாவலில் அவள் போய்ச் சேரும் கோட்டையின் தலைவன், இறந்துபோன அந்த மனிதனின் மகன். பழைய பிழை வளர்ந்து ஆளாகி எதிரே வந்து நின்று அவளுக்கு விருந்து பரிமாறுகிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு கடந்த காலம் இருக்க முடியாது. அவளுக்கு இப்படி ஒரு சந்திப்பும் நிகழ முடியாது. உங்கள் தோழியின் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் நாயகி 30 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரியில் என்ன செய்தாள், அல்லது என்ன செய்யத் தவறினாள்?

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் உர்சுலா கே. லெ குவின். ‘எர்த்ஸீ’ வரிசையின் மூன்றாம் நூல் 1972-ல் வந்தது. நான்காவதான ‘டெஹானு’ 18 ஆண்டுகள் கழித்து 1990-ல் வந்தது. இரண்டாம் நூலில் சிறுமியாக இருந்த டெனார் இதில் ஒரு பண்ணைக்காரரின் விதவை. அவள் சாகசம் எதற்கும் புறப்படுவதில்லை. கதை அவளைத் தேடி வருகிறது. தீயில் எரிக்கப்பட்டுப் பிழைத்த ஒரு குழந்தையாக வருகிறது. தன் மந்திர ஆற்றல் முழுவதையும் இழந்து டிராகனின் முதுகில் மயங்கிக் கிடக்கும் கெட் வடிவில் வருகிறது. மூன்று நூல்களில் நாம் வியந்து பார்த்த மாபெரும் மந்திரவாதி இதில் ஆடு மேய்க்கிறான். வீட்டைத் தாக்க வந்தவர்களை எதிர்க்க அவனிடம் இருப்பது வைக்கோல் குத்தும் கவைக்கோல் ஒன்றுதான். கடலோடிவிட்டு வீடு திரும்பும் டெனாரின் மகன், சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் அது பெண்களின் வேலை என்கிறான். அவன் வந்ததும் பண்ணை அவனுடையதாகிவிடுகிறது. டிராகன்கள் பறக்கும் ஒரு கதையில், கழுவாத தட்டு ஒன்று இவ்வளவு வலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

லெ குவின் இதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1976-ல், ‘விண்வெளிக் கிழவி’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வேற்றுக் கோளிலிருந்து ஒரு கப்பல் வந்து, மனித இனத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டால், வீரனையோ அறிஞனையோ அனுப்பாமல், கடையிலோ சந்தையிலோ வேலை பார்க்கும் அறுபது வயதைத் தாண்டிய ஒரு சாதாரணப் பெண்ணைத்தான் அனுப்புவேன் என்கிறார். குழந்தையாக, பருவமடைந்தவளாக, தாயாக, மாதவிடாய் நின்றவளாக, மரணத்தை எதிர்நோக்குபவளாக மனித வாழ்வின் எல்லா மாற்றங்களையும் உடம்பாலேயே கடந்தவள் அவள்தான் என்பது அவருடைய வாதம். உங்கள் ஏரிக்கு அடியில் இருப்பதும் வேற்று உயிர்தானே, அம்மா? அதனோடு பேச ஊரார் யாரை அனுப்ப வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரையே போதும்.

ஷேனன் சக்ரபர்த்தியின் ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஆமினா அல்-சிராஃபி’ 2023-ல் வந்தது. 12-ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடலில், கடற்கொள்ளைத் தொழிலை விட்டு ஒதுங்கி மகளை வளர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் கப்பல் தலைவி மீண்டும் கடலுக்குப் போகும் கதை. அவளுக்குப் படிதாண்டுதலின் விலை அந்த மகள்தான். நமக்கு மகிழ்ச்சி தரும் ஒரு சிறு தகவல்: அந்தக் கப்பலில் இருக்கும் பூனையின் பெயர் பாயசம்.

நிக்கலஸ் ஈம்ஸின் ‘கிங்ஸ் ஆஃப் த வைல்ட்’ 2017-ல் வந்தது. ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த கூலிப்படை வீரர்கள் முதுமையில் மீண்டும் கூடுகிறார்கள். பழைய நண்பன் வாசலில் வந்து நின்று, முற்றுகையில் சிக்கிய என் மகளை மீட்க வா என்று கேட்கும்போது கிளே கூப்பர் மறுத்துவிடுகிறான். அவனுக்கு மனைவியும் சிறு மகளும் இருக்கிறார்கள். அந்தச் சிறுமி, நான் அங்கே மாட்டிக்கொண்டிருந்தால் நீ வருவாய்தானே என்று கேட்ட பிறகுதான் அவன் கிளம்புகிறான். வீட்டில் பிடித்து வைத்த அதே கைதான் அவனை வெளியே தள்ளுகிறது. மற்றபடி கேளிக்கைக் கதைதான்; ஆனால் அந்த ஒரு காட்சியை நான் மறக்கவில்லை.

கோட்டைச்சுவர்

படித்துறை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் வாசற்படியையே எல்லாவற்றுக்கும் திறவுகோலாக்கிவிட்டால், வேறொரு வகைக் கதைக்கு நாம் அநீதி செய்கிறோம் என்று தோன்றுகிறது. பிடித்து வைக்க ஒருவரும் இல்லாத முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே இருப்பது வாசல் அல்ல, மரணம்.

டேவிட் ஜெம்மலின் ‘லெஜண்ட்’ 1984-ல் வெளிவந்தது. ஜெம்மல் அதை முதலில் எழுதியது 1976-ல், தனக்குப் புற்றுநோய் என்று எண்ணி மருத்துவ முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த அச்சத்திலிருந்து அவர் உருவாக்கிய டிரஸ் என்ற கோடரி வீரனுக்கு வயது 60. மலையில் தனியாக வாழும் அவனுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: அங்கேயே இருந்து, பல்லும் நினைவும் போய், படுக்கையில் சாவது, அல்லது வீழப்போகும் ஒரு கோட்டைக்குப் போய்ச் சுவரில் நின்று சாவது. அந்தக் கோட்டைக்கு ஆறு மதில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மதிலாக இழந்து பின்வாங்குவதுதான் கதை. நோயோடு போராடும் உடம்பைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லாமலே அதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார் என்று நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைப்பதுண்டு. ஜெம்மல் 2006-ல், 57 வயதில் இறந்தார். டிரஸின் வயதை அவர் எட்டவே இல்லை.

ஆனாலும் இந்த நூலை மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் மதகுக்கல் அவர்களிடம் சொல்வேன். இதனைப் பின்பற்றி எழுதிய பலரும் முதிய வீரனுக்கு ஒரே வேலையைத்தான் கொடுத்தார்கள்: இளைஞர்கள் வாழ்வதற்காக அழகாகச் சாவது. முதியவருக்குக் கதை கொடுப்பதே அவரை அனுப்பி வைப்பதற்காக என்று ஆகிவிட்டது. இஸ்டாவின் கதை எனக்கு உயர்வாகப் படுவதற்குக் காரணம், அது முடியும்போது அவளுக்குச் செய்ய வேண்டிய வேலையும், நேசிக்க ஒரு மனிதனும், போக வேண்டிய சாலையும் இருக்கின்றன என்பதுதான். உங்கள் நாயகியைத் தயவுசெய்து ஏரிக்குப் பலியிட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. வயதான நாயகர்கள் இன்றைய புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலில் ஃப்ரோடோ வீட்டைவிட்டுக் கிளம்புவது தன் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டித்தான். அவனுடைய இனத்தவரான ஹாபிட்டுகள் 33 வயதில்தான் பெரியவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பதையும், அவனிடம் இருந்த மந்திர மோதிரம் அவனுடைய தோற்றத்தை இளமையாகவே வைத்திருந்தது என்பதையும் கணக்கில் கொண்டாலும், அவன் நடுவயதுக்காரன்தான். திரைப்படம் பார்த்தவர்களின் மனத்தில் அவன் இருபது வயதுப் பையனாகப் பதிந்துவிட்டான்.

மூட்டுவலி

நான் இயன்முறை மருத்துவர். இந்த வகை நூல்களை விரும்பிப் படிப்பவன். உடம்பைப் பற்றி மட்டும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எழுத்தாளர்கள் பெரும்பாலும் பிழை செய்வது இங்கேதான்.

வயதைக் காட்ட வேண்டும் என்றால் உடனே மூச்சு வாங்குவதையும் முதுகு வளைவதையும் எழுதுகிறார்கள். முழங்கால் தேய்ந்தவர் உண்மையில் பயப்படுவது ஏறுவதற்கல்ல, இறங்குவதற்கு. படி இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒரு முழங்காலின் மேல் வந்து இறங்குகிறது. என்னிடம் வரும் அம்மாக்கள் படியில் நேராக இறங்க மாட்டார்கள்; பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, வலிக்கும் காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலைப் பின்னால் கொண்டுவருவார்கள். நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நான்கைந்து அடிகள் தள்ளாடும், பிறகு சரியாகிவிடும். மழை வரப்போகிறது என்று முழங்கால் சொல்கிறது என்பார்கள்; அது மருத்துவப்படி எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம், ஆனால் அப்படிச் சொல்லாத மூட்டுவலிக்காரரை நான் பார்த்ததில்லை. ஆமினாவின் முழங்கால் வலியை சக்ரபர்த்தி கதை முழுவதும் மறக்காமல் வைத்திருக்கிறார். அவள் கயிற்றில் ஏறும்போதும் சண்டையில் திரும்பும்போதும் அந்தக் கால் கூடவே வருகிறது. அதற்காகவே எனக்கு அந்த நூல் பிடித்தது.

கண்ணையும் மறந்துவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும். கண்ணாடி இல்லாத ஒரு பழைய உலகத்தில், ஐம்பது வயது மந்திரவாதி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பொடி எழுத்துச் சுவடியைப் படிப்பதாக எழுதுகிறார்கள். சுவடியைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தாலும் அவரால் படிக்க முடியாது; ஒரு சிறுவனையோ சிறுமியையோ அருகில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துப் பாருங்கள், ஒரு இரகசியத்தை இன்னொருவரிடம் பகிர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் அங்கே தானாகவே பிறக்கிறது.

இனி உங்கள் நாயகிக்கு வருகிறேன். 58 வயதில் நீரில் மூழ்கி அடைப்பைத் திறக்க முடியுமா என்று உங்களுக்கே ஐயம் இருக்கலாம். தாராளமாக முடியும். தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்று அழைக்கப்படும் பெண்கள், காற்றுக் குழாய் எதுவும் இல்லாமல் சுமார் 10 மீட்டர் ஆழம் வரை மூழ்கிச் சிப்பிகளையும் கடற்பாசியையும் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் போல மூச்சை அடக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். 80 வயதைக் கடந்தவர்களும் உண்டு. யுனெஸ்கோ 2016-ல் அவர்களுடைய பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு ஒரு சீழ்க்கை போல ஒலிக்கும். அதற்கு சும்பிசோரி என்று பெயர். அவர்களுக்குள் தரவரிசை வைப்பது வயதின் அடிப்படையில் அல்ல, திறமையின் அடிப்படையில். எந்தப் பாறையின் கீழ் எந்தப் பருவத்தில் என்ன இருக்கும், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பது பல ஆண்டுகள் மூழ்கிய பிறகே கைவரும் அறிவு.

இதில் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள ஒரு செய்தி இருக்கிறது. தண்ணீருக்குள் உடம்பின் எடை முழங்காலுக்குத் தெரியாது. நடக்கவே சிரமப்படுபவர்களை நாங்கள் தண்ணீரில் இறக்கி நடக்க வைப்பது அதனால்தான். கரையில் கால் இழுத்து நடக்கும் உங்கள் நாயகி, இடுப்பளவு நீர் வந்ததும் வேறொரு ஆளாகிவிடுவாள். அவளுடைய முதுமை தரையில் மட்டும்தான் இருக்கிறது. ஏரிக்குப் போய்ச் சேர்வதுதான் அவளுக்குக் கடினம். ஏரிக்குள் இறங்கியதும் அவளுக்கு நிகர் ஊரில் எவரும் இல்லை.

மதகுக்கல்

ஐயா, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் நீருக்குள்ளும் தடுமாறுவதாகத்தான் இதுவரை எழுதி வைத்திருக்கிறேன். மிக்க நன்றி.

இரவுவாசகன்

எனக்கு 23 வயது. இந்த விவாதத்தில் நான் பேசலாமா என்று தயங்கினேன். ஆனால் முதியவர்களைப் பற்றிய கதைகளை முதியவர்கள் மட்டும்தான் படிப்பார்கள் என்ற எண்ணம் இருந்தால், அது சரியல்ல என்று சொல்லவே எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் பலர் ‘ஃப்ரீரென்’ என்ற ஜப்பானியத் தொடரைப் பார்க்கிறோம். 2020-ல் மங்காவாக (சித்திரக்கதையாக) தொடங்கி 2023-ல் அனிமேவாக (அசைவூட்டத் தொடராக) வந்தது. அரக்கர் தலைவனை வென்றுவிட்டு நால்வர் ஊர் திரும்பும் இடத்தில்தான் கதையே தொடங்குகிறது. அவர்களில் ஃப்ரீரென் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எல்ஃப், அதாவது நெடுங்காலம் வாழும் கற்பனை இனத்தைச் சேர்ந்தவள். எரிநட்சத்திர மழையை ஐம்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்து பார்ப்போம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு அது சிறு இடைவெளி. திரும்பி வரும்போது வீரன் ஹிம்மெல் தலை வழுக்கையாகி, உயரம் குறைந்து, கிழவனாக நிற்கிறான். சில நாட்களில் இறந்தும் போகிறான். அவனை அறிந்துகொள்ள நான் ஏன் முயலவில்லை என்று அடக்கம் செய்யும் இடத்தில் அவள் அழுகிறாள். ஆயிரம் ஆண்டு வாழ்ந்தும் அவளுக்கு வயதாகவில்லை. ஐம்பதே ஆண்டுகளில் அவனுக்கு வயதாகிவிட்டது. ஆண்டுகளின் எண்ணிக்கையும் முதுமையும் ஒன்றல்ல என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்தக் காட்சிதான். அதைப் பார்த்த இரவில் என் தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

ராபின் ஹாப் இதையே வேறு விதமாக எழுதியிருக்கிறார். 2014-ல் வந்த ‘ஃபூல்ஸ் அசாசின்’ நாவலில் நாயகன் ஃபிட்ஸ் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறான். முன்பு நடந்த ஒரு மந்திர சிகிச்சையால் அவன் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொண்டே இருக்கிறது. அருகில் நிற்கும் மனைவி மோலிக்கு மட்டும் வயதாகிறது. மந்திரம் இருக்கும் உலகில் முதுமையை ஏன் குணப்படுத்திக்கொள்ளவில்லை என்று வாசகர் கேட்கத்தான் செய்வார்கள். குணப்படுத்தினால் என்ன ஆகும் என்று ஹாப் காட்டிவிட்டார்: கூட முதுமையடையும் உரிமை அவனுக்கு இல்லாமல் போகிறது. அம்மா, உங்கள் ஏரியில் இருப்பது நாயகிக்கு இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லுமா? அப்படி ஒரு காட்சி வரும் என்று என் மனம் எதிர்பார்க்கிறது.

படித்துறை

இரவுவாசகன் தம்பி, பேசலாமா என்ற தயக்கமே வேண்டாம். மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

மதகுக்கல் அம்மாவின் நாயகி நீரில் மூழ்குபவள் என்பதால், முதல் பதிலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இப்போது நினைவுக்கு வருகிறது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டு. ஒரு முதியவர், கரையில் நின்றவர்கள் வியக்க, மடுவின் ஆழத்தில் துடுமெனப் பாய்ந்து, அடியில் இருந்த மணலை அள்ளிக்கொண்டு வந்த தம் இளமையை நினைத்துப் பார்க்கிறார். ‘குளித்து மணற்கொண்ட கல்லா இளமை’ என்கிறார். இப்போதோ பூண் பிடித்த தடியை ஊன்றி, உடல் நடுங்கி, ‘இருமிடை மிடைந்த சிலசொல்’ பேசுகிறார். இருமலுக்கு இடையே சிக்கி வெளிவரும் சில சொற்கள். அந்தப் புலவரின் இயற்பெயர்கூட நமக்கு எஞ்சவில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் என்று அந்தத் தடியின் பெயராலேயே அவரை அழைக்கிறோம்.

அவர் இரங்கிப் பாடியதற்கு நேர் எதிரான இடத்தில் உங்கள் நாயகி நிற்கிறாள். தடியைக் கரையில் வைத்துவிட்டு மீண்டும் அந்த மடுவில் பாய்ந்து மணலை எடுத்து வர அவளால் முடியும். இருமலையும் விட்டுவிடாதீர்கள், நீருக்கு அடியில் இருப்பதோடு பேச அவளுக்கு ஒரே மூச்சில் அடங்கும் சொற்கள்தான் கிடைக்கும்.

மதகுக்கல்

எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த வாரம் முழுவதும் இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஐந்து அத்தியாயங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். முன்பு எழுதியதில் அவள் முதல் பக்கத்திலேயே ஏரிக்கரையில் நின்றாள். இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். சென்ற ஆண்டு கரைப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் ஏரிப் பக்கம் போகக் கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறான். அன்பினால் சொன்னதுதான், அதனால்தான் அவளால் மீற முடியவில்லை. மருமகளும் நல்லவள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இரவில் சற்று உயரத்தில் மாட்டுகிறார்கள், அவள் கைக்கு எட்டாதபடி. அந்தத் தாழ்ப்பாளை அவளுக்காக எடுத்துவிடுவது பேத்தி; அவளுக்கு ஒன்பது வயது. கல்வெட்டில் இருக்கும் தூம்பின் அளவுகளைப் பாட்டிக்குப் படித்துச் சொல்லப் போவதும் அவள்தான், ஏனென்றால் பாட்டிக்கு வெள்ளெழுத்து.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அதை இங்கே சொல்ல மாட்டேன். கோட்டைச்சுவர் அவர்களுக்கு மட்டும் ஒரு உறுதி: அவள் ஏரியில் சாக மாட்டாள். இரவுவாசகன் கேட்ட காட்சியும் இருக்கிறது. ஏரி அவளுக்கு இளமையைத் தருவதாகச் சொல்கிறது. அவள் அதற்கு ஒரே மூச்சில் என்ன பதில் சொல்கிறாள் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாளை விடியற்காலையில் எங்கள் ஊர்க் குளத்துக்குப் போகிறேன். அங்கே தினமும் குளிக்க வரும் இரண்டு பாட்டிமார்கள் எந்தக் காலை முதலில் வைத்துப் படி இறங்குகிறார்கள், தண்ணீர் எந்த அளவுக்கு வந்ததும் கைப்பிடிச் சுவரை விடுகிறார்கள் என்று பார்த்து வந்து, பிறகு அந்த இரவை எழுதத் தொடங்குவேன்.